பிள்ளை வாய் திறந்த அன்றைக்கு: கொழும்பில் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர், தாதியர், சமூக சேவையாளருக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரும் சட்டப் புத்தகத்தைக் கையில் தருவதில்லை. வரவுப் பதிவேட்டைக் காட்டுவார்கள், அலுமாரிச் சாவியைத் தருவார்கள், தேநீர் பத்து மணிக்கு என்று சொல்வார்கள். அப்புறம் ஒரு நாள், இடைவேளை மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை வெளியே ஓடாமல் மேசையோரமாக நிற்கும். "மிஸ், ஒரு விசயம் சொல்லணும். ஆனா நீங்க ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது." நமக்கு ஒரு சட்டமும் தெரியாது என்பது அந்த நிமிடத்தில்தான் நமக்கே தெரியவரும்.

நான் சட்டத்தரணி அல்ல. கொழும்பில் சில வருடம் ஆசிரியை, பிறகு பாடசாலை உளவளத்துணையாளர், இப்போது குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்பில் இருக்கிறேன். எனக்கு அன்றைக்கு யாராவது சொல்லித் தந்திருக்கலாமே என்று தோன்றுவதை வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் தலைக்கு மேல் யார் என்று முதலில் பாருங்கள்

அரச பாடசாலை ஆசிரியர் என்றால் அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபனக் கோவையும் கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்களும் உங்களைக் கட்டுப்படுத்தும். வைத்தியர் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். தாதியருக்கு 1988இல் வந்த தனிச் சட்டமும் தனிச் சபையும் உண்டு. சிறுவர் இல்லத்தில் வேலை என்றால், அந்த இல்லம் 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்க வேண்டிய பொருள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சந்துக்குச் சந்து ரியூஷன் வகுப்புகள். "நாங்க தனியார் தானே, எங்களுக்கு என்ன சுற்றுநிருபம்" என்று அங்கே சொல்வார்கள். சுற்றுநிருபம் இல்லாமல் இருக்கலாம். தண்டனைச் சட்டக்கோவை எல்லோருக்கும் ஒன்றுதான்.

2. பிள்ளை பேசத் தொடங்கினால்

முதலில், "ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். நான் சொல்வது இப்படி: "உனக்கு உதவி செய்யிறதுக்கு யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்லுவேன். சும்மா யாருக்கும் சொல்லமாட்டேன்." பெரும்பாலான பிள்ளைகள் அதற்குப் பிறகும் பேசுவார்கள். பேசாமல் போன பிள்ளைகளும் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அடுத்தது, விசாரணை செய்யாதீர்கள். இந்த இடத்தில்தான் நல்ல மனதுள்ளவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். என்ன நடந்தது, எப்போது, யார், இப்போது வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா. இவ்வளவு தெரிந்தால் போதும். "அவர்தானே அடித்தார்?" என்று பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால், பிள்ளை ஆமாம் என்றுதான் தலையாட்டும். அந்த ஆமாமை நாளைக்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு நிமிடத்தில் கிழித்துப் போடுவார்.

மூன்றாவது, குற்றஞ்சாட்டப்பட்டவரை அலுவலகத்துக்கு அழைத்துப் 'பேசித் தீர்க்க' முயலாதீர்கள். அதிபர் நல்லவராக இருப்பார். குடும்ப மானம், பெண் பிள்ளை, ஊர் கதைக்கும் என்று அம்மாவும் கையெடுத்துக் கும்பிடுவார். எனக்கும் கும்பிட்டிருக்கிறார்கள். அப்படிப் பேசித் தீர்த்த நாளின் இரவில் அந்தப் பிள்ளை எங்கே தூங்குகிறது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருப்பவர் வேண்டுமென்றே அடித்தால், கொடுமைப்படுத்தினால், கவனிக்காமல் விட்டால், கைவிட்டால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 308ஏ பிரிவின்படி குற்றம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு இது. இரண்டு வருடம் முதல் பத்து வருடம் வரை சிறை. பெற்றோருக்கு மட்டும் உரிய சட்டம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை உங்கள் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் நீங்களும் அதற்குள் வருவீர்கள்.

வயதில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். பாலுறவுச் சம்மதத்துக்கு சட்டம் வைத்திருக்கும் வயது 16. சிறுவர் என்பதன் எல்லை 18. இரண்டையும் குழப்பி, "அவளுக்குத்தான் 16 முடிஞ்சுதே" என்று கைகழுவ முடியாது. 17 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் பெல்ட் அடி விழுந்தால் அதுவும் 308ஏதான். அடித்தவனே சிறுவன் என்றால், 12 வயதுக்குக் குறைந்தவன் செய்தது குற்றமாகாது. 2018 வரை அந்த எல்லை 8ஆக இருந்தது.

3. யாருக்குச் சொல்வது

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். பொலிஸின் சிறுவர், பெண்கள் பணியகத்துக்கு 109. உயிருக்கு ஆபத்து என்றால் 119. காயம் பெரிது என்றால் 1990 அம்புலன்ஸ். இந்த நான்கு இலக்கத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெயர் அட்டையின் பின்னால் சொருகி வையுங்கள். கைபேசியில் சார்ஜ் இல்லாத நாளில்தான் இதெல்லாம் நடக்கும்.

இவற்றுக்குப் பக்கத்தில், உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நன்னடத்தை உத்தியோகத்தரையும் சும்மா ஒரு நாள் போய்ப் பார்த்து முகம் பழகிக்கொள்ளுங்கள். கொழும்பு நகரத்துக்குள் என்றால் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்கள். பிரச்சினை வந்த நாளில் தெரியாத முகத்திடம் போவதற்கும் தெரிந்த முகத்திடம் போவதற்கும் நிறைய வித்தியாசம்.

"அதிபரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது" என்று ஒரு நம்பிக்கை எல்லா ஆசிரியர் அறையிலும் உண்டு. அதிபருக்குச் சொல்ல வேண்டும்தான். ஆனால் அதிபர் சம்மதித்தால்தான் 1929க்கு அழைக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதிபருக்கும், ரியூஷன் வகுப்பு நடத்துபவருக்கும், இல்லப் பொறுப்பாளருக்கும் தனியாக ஒரு சுமையும் இருக்கிறது. தன் பொறுப்பிலுள்ள இடம் சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படுகிறது என்று தெரிந்தும் பொலிஸுக்கு அறிவிக்காமல் இருந்தால் 286சீ பிரிவின் கீழ் இரண்டு வருடம் வரை சிறை. 2006இல் வந்த திருத்தம். இருபது வருடமாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கே இது தெரியாது. நான் சொன்னபோது ஒருவர் என்னை முறைத்தார், அடுத்த நாள் பிரிவு இலக்கத்தை எழுதித் தரச் சொன்னார்.

கொலை, கொள்ளை போன்ற சில குற்றங்களையும், திடீர் மரணம், இயற்கைக்கு மாறான மரணம் ஆகியவற்றையும் அறிந்த எவரும் அறிவிக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 21ஆம் பிரிவு சொல்கிறது. பொலிஸ், நீதவான், கிராம உத்தியோகத்தர், யாருக்கும் அறிவிக்கலாம்.

4. அன்றைக்கே எழுதுங்கள்

என் முதல் குறிப்பு இப்படி இருந்தது: "மாணவி உடல்ரீதியான துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகியுள்ளார்." பெரிய வார்த்தையாகப் போட்டதில் எனக்குள் ஒரு திருப்தி வேறு. நான்கு வருடம் கழித்து நீதிமன்றத்தில் அதை என் கையில் தந்து, "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை. "பிள்ளை துஷ்பிரயோகம் என்ற சொல்லைச் சொன்னதா?" இல்லை. "அப்படியானால் இது யாருடைய வார்த்தை?" என்னுடையது. தொண்டை காய்ந்துவிட்டது. பிள்ளை என்னிடம் சொன்ன வார்த்தைகள் எனக்குச் சரியாக நினைவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதும் முறை: திகதி, நேரம், இடம், வேறு யார் இருந்தார்கள். நான் கேட்ட கேள்வி, பிள்ளை சொன்ன பதில், பிள்ளையின் வாய்மொழியிலேயே. "மேல் வீட்டு மாமா பெல்ட்டால அடிச்சாரு, பக்கிள்ஸ் பக்கம்." இதைச் 'செம்மைப்படுத்த' வேண்டாம். 'பக்கிள்ஸ் பக்கம்' என்ற இரண்டு சொல்தான் வைத்தியர் பார்த்த காயத்தின் வடிவத்தோடு பொருந்தும். அடுத்து நான் பார்த்தது: இடது முழங்கைக்கு மேல், சதுர மாதிரித் தழும்பு, நிறம் என்ன, இரண்டு அங்குலம் இருக்கும். கடைசியில் நான் யாருக்கு எத்தனை மணிக்கு அறிவித்தேன், அவர்கள் தந்த முறைப்பாட்டு இலக்கம் என்ன. கட்டிய கொப்பியில் எழுதுங்கள், தனித் தாளில் அல்ல. பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் வையுங்கள். வெள்ளைத் திரவம் பூசினால் எதையோ மறைத்ததாகத்தான் தெரியும்.

5. பொலிஸ் நிலையத்தில் மொழி

தமிழ் பேசும் நமக்குக் கொழும்பில் இது தனிப் பாடம். அந்த மேல் வீட்டு மாமா விசயத்திலேயே நடந்தது. அம்மா வேலைக்குப் போகும் நேரம் பிள்ளையை மேல் வீட்டில் விட்டுப் போவார். பிள்ளை வாக்குமூலத்தில் 'மாமா' என்றது. எழுதிய உத்தியோகத்தர் சிங்களத்தில் 'அம்மாவின் சகோதரர்' என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அந்தச் சொல்லின் முதல் பொருள் அது. தமிழ்ப் பிள்ளைக்கோ தெருமுனைக் கடைக்காரரும் மாமாதான். யாரும் வாசித்துக் காட்டவில்லை, அம்மாவும் புரியாமலே கையெழுத்து வைத்தார். பிறகு ஹற்றனில் இருந்த உண்மையான தாய்மாமனைத் தேடிப் பொலிஸ் போனது. அவர் தங்கையோடு இன்னும் பேசுவதில்லை என்று கேள்வி.

ஆகவே, வாக்குமூலத்தைத் தமிழில் தரக் கேளுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் அலுவல் பார்க்கவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சண்டை பிடிக்கும் குரலில் கேட்க வேண்டாம். "தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் இருக்கிறாரா, காத்திருக்கிறோம்" என்றால் பெரும்பாலும் யாரையாவது அழைப்பார்கள். சிங்களத்தில்தான் எழுத வேண்டும் என்றாகிவிட்டால், கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உறவு முறைச் சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்: மாமா, சித்தப்பா, அண்ணா. பெயரோடும் வீட்டோடும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

பிள்ளையின் சாட்சியத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் முன்வைக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரே கதையைப் பத்துப் பேருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போன பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

6. வைத்தியசாலையில் இருப்பவர்களுக்கு

பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் பிள்ளையைப் பார்க்கமாட்டோம் என்று யாராவது சொன்னால், அது பிழை. முதலில் சிகிச்சை. பொரளை லேடி ரிஜ்வே போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்குள்ளேயே பொலிஸ் பிரிவு இருக்கிறது, அறிவிப்பு அங்கிருந்து போகும். பொலிஸ் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். அதற்கு முன் பிள்ளையைக் குளிப்பாட்டவோ உடுப்பைத் தோய்க்கவோ வேண்டாம் என்று அம்மாவிடம் தாதிதான் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தில் அம்மாக்கள் முதலில் செய்வதே அதைத்தான்.

இரகசியம் பற்றி ஒரு முக்கியமான விசயம். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது தொழில் ஒழுக்கம், அதை மீறினால் மருத்துவ சபை கேள்வி கேட்கும். ஆனால் நீதிமன்றம் கேட்கும்போது, சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் தரும் காப்பு, வைத்தியருக்கும் இல்லை, உளவளத்துணையாளருக்கும் இல்லை. ஆகவே வருபவரிடம் "இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன். பிறகு அழைப்பாணை வந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் போன்றவற்றைச் சந்தேகித்த உடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், 'சுகாதாரம் 544' படிவத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அடிப்படைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. வெள்ளவத்தையில் தனியார் டிஸ்பென்சரி வைத்திருக்கும் வைத்தியருக்கும் இது பொருந்தும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார் என்று நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அடுத்த தடவையும் உங்களிடமே வருவார்.

தற்கொலைக்கு முயன்ற ஒருவர் வந்தால், அவரைக் குற்றவாளி போல நடத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது இங்கே குற்றமல்ல, 1998இலேயே அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். பாடசாலையிலும் இதைத் தெரிந்து வைத்திருங்கள். பொலிஸ் வரும் என்ற பயத்தில் வீட்டார் மறைத்து, பிள்ளைக்கு உதவியே கிடைக்காமல் போகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926.

7. வளர்ந்த பெண் என்றால் வழி வேறு

கணவன் அடிக்கிறான் என்று 35 வயதுப் பெண் சொன்னால், பிள்ளை விசயத்தில் செய்வது போல உடனே தொலைபேசியை எடுக்காதீர்கள். முடிவு அவருடையது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று விளங்கச் சொல்லுங்கள். விண்ணப்பித்தவுடன் 14 நாளைக்கு இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம், விசாரித்த பிறகு 12 மாதம் வரை. அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். மனரீதியான கொடுமையும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். பெண்களுக்கான இலக்கம் 1938. அரச வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற பெயர்ப்பலகை கண்டால் அது இவர்களுக்கான இடம். சிங்களத்தில் மிதுரு பியச.

அந்த வீட்டில் பிள்ளைகளும் இருந்தால் என்ன செய்வது? மீண்டும் இரண்டாம் படிக்குப் போங்கள்.

8. உங்கள் கையில் உள்ள பிரம்பு

"அடியாத மாடு படியாது" என்று வளர்ந்தவர்கள் நாம். என் ஆசிரியை அடித்த அடியை நானும் சிரித்துக்கொண்டே கதை சொல்வேன். ஆனால் கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. அதோடு ஒரு தீர்ப்பும் இருக்கிறது. 2017இல் மாத்தறை மாவட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியர் ஒருவர் ஒரு மாணவனை அறைந்தார், காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தரும் அடிப்படை உரிமை, அதாவது இழிவான, மனிதாபிமானமற்ற நடத்தைக்கு ஆளாகாத உரிமை, மீறப்பட்டதாகத் தீர்த்தது. நட்டஈடாக அரசு 5 இலட்சம் ரூபா. ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் 1 இலட்சத்து 50 ஆயிரம். ஆசிரியர் அறையில் சுற்றுநிருபத்தைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள், அந்த இரண்டாவது தொகையைச் சொல்லிப் பாருங்கள்.

"அடிச்சுத் திருத்துங்க மிஸ்" என்று பெற்றோர் அனுமதி தருவார்கள். அந்த அனுமதிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

9. வாட்ஸ்அப்

காயத்தைப் படமெடுத்து ஆசிரியர் குழுவில் போடாதீர்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது 365சீ பிரிவின்படி குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. பெயரை மறைத்து, "கொட்டாஞ்சேனையில், தரம் 8, அப்பா மீன் சந்தையில் வேலை" என்று எழுதினாலும் அந்தத் தெருவுக்கே யாரென்று விளங்கிவிடும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலையும் சிறுவர் பற்றிய தகவலையும் விசேட வகையாகத்தான் வைத்திருக்கிறது. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. உங்கள் அலுமாரியைப் பூட்டுவதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

10. அழைப்பாணை வந்தால்

வரும். சில வேளை நீங்கள் பாடசாலை மாறி, பிள்ளையும் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு வரும். போகாமல் இருக்க முடியாது. காரணமின்றிப் போகாவிட்டால் பிடியாணை வரலாம். அரச சேவையில் இருந்தால் அழைப்பாணைப் பிரதியைக் கொடுத்துக் கடமை விடுப்பு எடுங்கள். உங்கள் மூலக் கொப்பியைக் கொண்டு போங்கள், பிரதியை வீட்டில் வையுங்கள். முதல் நாள் இரவு ஒரு தடவை வாசியுங்கள், மனப்பாடம் செய்ய வேண்டாம். நினைவில்லாததற்கு "நினைவில்லை", தெரியாததற்குத் "தெரியாது". உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் சாட்சிக் கூண்டில் ஏறும் முன்பே நீதிமன்ற முதலியாரிடம் சொல்லிவிடுங்கள்.

கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போகும் நாளில் எட்டரைக்கே போய்விடுங்கள், பின்னர் வாகனம் நிறுத்த இடம் இராது. தண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் பிஸ்கட். கைபேசியை நீதிமன்ற அறைக்குள் நிறுத்தி வையுங்கள். பத்து மணிக்கு உங்கள் வழக்கைக் கூப்பிடுவார்கள், பதினொரு மணிக்கு வேறு திகதி போடுவார்கள். அந்தத் திகதியைக் கொப்பியின் அட்டையிலேயே எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள்.